விழுந்ததே இல்லை

ஞாயிறு விடியல், ஓட்டேரி ஏரிக்கரை.
தலைக்கவசம் கழற்றாமலே நடக்கிறது வியாபாரம்.
இம்தாத் தன் ஸ்கூட்டர் சீட்டில்
துண்டு விரித்து வைத்திருக்கிறான்
ஒரு பின் டீரெய்லர், இரண்டு பெடல்,
தேய்ந்த டயர் ஒரு ஜோடி.
"பாதிதான் தேஞ்சுகீது. மீதிப் பாதி உனக்கு."

இரவு ஷிஃப்ட் முடிந்து நேரே வந்த சுகிர்தா
ஆஸ்பத்திரி அடையாள அட்டை கழுத்தில் ஆட
ஒவ்வொரு செயினாகத் தூக்கிப் பக்கவாட்டில் வளைத்துப் பார்க்கிறாள்.
வளைந்தால் வயதாகிவிட்டது.
அவளிடம் யாரும் பொய் சொல்வதில்லை.

நான் வந்தது ஒரு ஃபிரேமுக்காக.
நீலம், நடுத்தர அளவு,
இருபத்தொன்பது இஞ்ச் சக்கரம் ஏறும்.
விற்பவன் ஜாபேஸ், ரத்த வங்கியில் வேலை,
பாகாயத்திலிருந்து அதைத்
தோளில் மாட்டிக்கொண்டு நடந்தே வந்திருந்தான்.

பின்கம்பியில் செயின் அடிக்காமலிருக்கச்
சுற்றியிருந்த பழைய ட்யூப்.
அதன் முடிச்சு.
அப்படி அவலட்சணமாக முடிச்சுப் போடுகிறவன்
வேலூரில் ஒருவன்தான்.

மூன்று வருடம் முன்பு
காட்பாடி கல்லூரிப் பையன் ஒருவனிடம்
ஒன்பதாயிரத்துக்குக் கொடுத்தேன்.
வீட்டு முன்பணத்துக்கு அவசரம்.
"எங்கயாவது விழுந்திருக்கா அண்ணா?"
"விழுந்ததே இல்லை."
கீழ்க்குழாயில் எண்ணெய்க் கம்பெனி ஸ்டிக்கர்
புதிதாக மின்னியது.
முந்தைய இரவுதான் ஒட்டியிருந்தேன்,
ஓரம் தூக்காமல், நகத்தால் தேய்த்துத் தேய்த்து.

இப்போது ஜாபேஸ்
ஃபிரேமைக் கரையில் சாய்த்துவிட்டு
அதே ஸ்டிக்கரின் மூலையைக் கிள்ளி
மெல்ல உரித்தான்.
ஊசி குத்திய இடத்துப் பஞ்சை எடுக்கிற மாதிரி.

"இங்க ஒரு குழி இருக்குங்கண்ணா. விரிசல் இல்ல,
வெளிச்சம் அடிச்சுப் பாத்துட்டேன்.
மூணு கை மாறி வந்தது. யாரோ ஒட்டி மறச்சிருக்கான்.
நீங்க தெரிஞ்சே வாங்கணும்."

குனிந்து பார்த்தேன்.
குழி அப்படியே இருந்தது.
பெயின்ட் மட்டும் கொஞ்சம் மங்கி.
ஏரியில் தண்ணீர் இல்லை,
குனிந்ததற்கு வேறு காரணமும் இல்லை.

"எவ்வளவு?"
"ஏழாயிரம்."
"சரி."

சரி என்ற சொல்
அந்த ஏரிக்கரையில் அதற்குமுன் கேட்டதில்லை.
இம்தாத் திரும்பிப் பார்த்தான்.
சுகிர்தா செயினைக் கீழே வைத்தாள்.
ஜாபேஸ் தன் ஃபிரேமையே சந்தேகமாகப் பார்த்தான்,
தனக்குத் தெரியாத ஏதோ நல்லது
அதில் இருக்குமோ என்று.

அந்தப் பார்வை என்மேல் திரும்புவதற்குள்
"இருநூறு குறைச்சுக்க" என்றேன்.
நூறு குறைத்தான்.
எல்லோருக்கும் மூச்சு வந்தது.

பிறகு டீக்கடை. பன்னை டீயில் முக்கியபடி
ஜாபேஸ் சொன்னான்:
"இத மொதல்ல வித்தவன் யாருன்னு
தெரிஞ்சா நல்லாருக்கும்."
"தெரிஞ்சா?"
"ஒண்ணும் பண்ண மாட்டேன். எங்க விழுந்தான்னு கேப்பேன்.
அந்த எடத்துல நான் மெதுவா எறங்குவேன்."

பாலமதி மலை எதிரே.
வெயில் ஏறி வளைவு வளைவாக வெளுத்துக்கொண்டிருந்தது.
டீ ஆறிவிட்டது. நான் இன்னும் ஊதிக்கொண்டிருந்தேன்.

"ஏழாவது வளைவு" என்றேன்.
"கல்வெர்ட்டு தாண்டினதும் இடது பக்கம் மணல்.
முன் பிரேக்கைத் தொடாதே."

அவன் பன்னைத் தின்று முடித்தான்.
தம்ளரை வைத்தான்.
கையைத் துடைத்துக்கொண்டு
என் முன்னால் நீட்டினான்.

"அப்ப அந்த நூறு ரூபாயக் குடுங்கண்ணா."