ஐந்தாம் நிரல்

ஒலுவிலில் ஐந்தரைக்குப் போன கரண்ட்
ஒன்பதுக்குத்தான் வந்தது.
பாதியில் நின்ற பைலை மறுபடி ஏவிவிட்டேன்.

எங்கோ ஒரு நகரத்தில் பேர் தெரியாத இரண்டுபேர்
இனி வேண்டாமென்று கையெழுத்திட்டுக் கொடுத்த கரு.
மூன்றாம் நாள். எட்டுக் கலம்.
ஒவ்வொன்றாய்ப் பிரித்து, உடைத்து,
எந்த மரபணு எத்தனை தரம் பேசியதென்று
எண்ணியிருக்கிறார்கள்.
எண்ணுவதற்கு உடைக்க வேண்டும்.
எனக்கு வந்து சேர்ந்தது வெறும் எண்கள்:
இருபதாயிரம் நிரை, எட்டு நிரல்.

முதல் இரண்டு நாளும் கரு தன் சொல்லில் பேசுவது அரிது.
தாய் முட்டைக்குள் எழுதிவைத்த சீட்டுகளை
வாசித்து வாசித்தே பிளக்கிறது.
தகப்பனுக்கு இன்னும் முறை வரவில்லை.
அக்கரைப்பற்றில் பிறந்தவளுக்கு இது புதினமல்ல.
எந்தக் குடி என்று கேட்டால்
உம்மாவின் குடியைத்தான் சொல்வோம்.
வயிற்றுவார் என்று அதற்கொரு சொல் இருக்கிறது,
இந்தப் பாடநூலை எழுதியவர்களிடம் இல்லாத சொல்.

மூன்றாம் நாள் தாயின் சீட்டுகள் கிழிகின்றன.
ஏழு கலங்களில் எண்கள் ஏறுகின்றன,
பெருநாள் காலைத் தெரு மாதிரி.
ஐந்தாம் நிரலில் மட்டும்
பூச்சியம், பூச்சியம், ஒரு மூன்று, பூச்சியம்.

பேசாமலே இருந்திருக்கலாம்.
பேசியது எங்கள் குழாய்க்குள் விழாமல் போயிருக்கலாம்.
இரண்டையும் ஒரே மாதிரித்தான் எழுதுகிறோம்.

போன மாசியில், கல்முனையில்,
அட்டையைப் பார்த்தபடி தாதி கேட்டாள்: பிள்ளைகள்?
நான் வாய் திறக்கமுன் எழுதிவிட்டாள்,
வடிவான வட்டம், ஒரே இழுவையில்.
ஆறு கிழமை இருந்தது அது.
ஸ்கேன் எடுத்த டொக்டர்
திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு
கன நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

ருஸ்னியா போனில் சொல்கிறாள்:
ஐந்தை எடுத்துவிடு மச்சி,
ஆயிரம் மரபணுவுக்குக் கீழே என்றால் கழிவு.
சரிதான். விதி விதிதான். நீக்கினேன்.
ஏழு நிரலுக்கு வரைபு அழகாக வந்தது.

பிறகு குறிப்புக் கொப்பியில், பென்சிலால்:
ஐந்தாம் கலம். கேட்கவில்லை.

முதலில் 'இல்லை' என்று எழுதி
அழித்த இடம்
கொஞ்சம் ஊத்தையாகத்தான் இருக்கிறது.