வழி சொல்பவள்

அபர்டீனில் ஜனவரி.
மழை மேலிருந்து விழுவதில்லை இங்கே,
கடலிலிருந்து குறுக்காக வருகிறது.
அவசரப் பிரிவின் தானியங்கிக் கதவுக்கும்
உள்ளே நாற்பத்தோரு நாற்காலிகளுக்கும் நடுவே
எனக்கு ஒரு மேசை,
விரலில் மாட்டும் கிளிப்,
பேட்டரி போகப்போகும் வெப்பமானி,
அப்புறம் ஒரு கேள்வி:
இவர் இங்கேதான் வரவேண்டுமா?

போன குளிர்காலத்தில் இந்த மேசை இல்லை.
வந்தவர்கள் எல்லாரும் உட்கார்ந்தார்கள்.
ஒன்பது மணி நேரம். பதினொன்று.
நெஞ்சைப் பிடித்தவரும் பல்லைப் பிடித்தவரும்
ஒரே காபி இயந்திரத்தை உதைத்தார்கள்.
நடைவழியில் ஸ்ட்ரெச்சர்கள்
சிக்னல் கிடைக்காத சரக்கு வண்டிபோல
ஒன்றன்பின் ஒன்றாய்.

இப்போது நான் வழி சொல்கிறேன்.

கட்டைவிரலில் தூண்டில் முள்ளோடு ஒரு பையன்:
சிறுகாயக் கிளினிக், ஆற்றுக்கு அந்தப் பக்கம்,
பத்துவரை திறந்திருக்கும்.
முள்ளைத் திருகாதே. நண்பனிடம் காட்டாதே.
இந்தா, டாக்ஸிச் சீட்டு.

ஆம்புலன்ஸிலிருந்து கேட்டி கூப்பிடுகிறாள்,
முர்டோ ஸ்ட்ராகன் வீட்டுப் படுக்கையறையில் நின்றுகொண்டு:
எண்பத்தாறு வயது, மூத்திரக் குழாய் அடைத்திருக்கிறது,
ஏற்றிக்கொண்டு வரட்டுமா?
வேண்டாம். இரவுச் செவிலி லோர்னா கிளம்பிவிட்டாள்.
அவர் கட்டிலிலேயே இருக்கட்டும்,
நாய் கட்டிலுக்கு அடியிலேயே இருக்கட்டும்.

ஒருத்தி கத்துகிறாள், வரி கட்டுகிறேன் நான், துரத்துகிறாயா என்று.
துரத்தவில்லை என்கிறேன்.
சொல்லும்போதே என் கை கதவுப் பக்கம் நீண்டிருப்பதைப் பார்க்கிறேன்.

எபேலே தன் மகளைக் கோட்டுக்குள் சுற்றி வந்தாள்.
காய்ச்சல்தான், மருந்துக்கடையே போதுமா என்று
கேட்கத்தான் வந்தாளாம்.
தொடையில் சில புள்ளிகள்.
கண்ணாடித் தம்ளரை அழுத்தினேன்.
மறையவில்லை.
இடம் மாற்றி இன்னொரு முறை அழுத்தினேன்.
பிறகு நான் ஓடினேன்.
அந்தக் குழந்தை என் தோளில் என்ன கனம் இருந்தது
என்று மட்டும் இப்போது நினைவிருக்கிறது.

அதற்கு முன்னால் அனுப்பியவர்கள் பதினான்கு பேர்.
ஒவ்வொருவருக்கும் என்ன சொல்லி வழியனுப்புவது?
போய் வாருங்கள் என்று இங்கே சொல்லக்கூடாது.
போங்கள் என்று சொல்ல வாய் வராது.
பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறேன்.
யாரை, எதை என்று
யாரும் கேட்டதில்லை.

ஸ்பிக்னியெவ், வெல்டர், ஐம்பத்திரண்டு.
இடது தோளில் வலி, தளத்தில் குழாய் தூக்கியதிலிருந்து.
இதயப் படம் எடுத்தோம். ரத்தம் பார்த்தோம்.
மருத்துவரும் தலையை ஆட்டினார்.
காலை எட்டு நாற்பதுக்குத் தசைப்பயிற்சியாளரிடம் நேரம் வாங்கி,
தாளில் எழுதிக் கொடுத்தேன்.
வலி நாளைக்கும் இருக்கும், பயப்படாதீர்கள்.
இரண்டு முறை நன்றி சொன்னார்.
இரண்டு முறை நன்றி சொல்பவர்களிடம் எனக்குப் பயம்.

ஐந்து ஐம்பது.
திரையில் அவர் பெயருக்கு நேரே பச்சைப் பட்டை:
வேறிடம் அனுப்பப்பட்டார். முடிந்தது.
நான்கு மணி நேரத்துக்குள் திரும்பி வராதவர்
கணக்கில் வெற்றி.
திரும்பி வரமுடியாதவர்?
அதற்கு வேறு நிறம் வைக்கவில்லை.

வெளிநோயாளி யாரையும் இந்த நேரத்தில் எழுப்பக்கூடாது.
தெரியும்.
மணி அடிக்கிறது.
ஆறாவது, ஏழாவது.
கதவு தானாகத் திறந்து மூடுகிறது, யாரும் வரவில்லை, காற்று.
ஒன்பதாவது மணியில்
முதலில் போலிஷ் மொழியில் ஒரு வசவு.
பிறகு, யாரது?

மருத்துவமனையிலிருந்து. வலி எப்படி இருக்கிறது?
இருக்கிறது. இருக்கும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?
இப்போதுதான் தூங்கினேன், அம்மா.

தூங்குங்கள் என்றேன்.
வைக்கவில்லை நான்.
அவரும் வைக்க மறந்து,
போனைத் தலையணையில் போட்டுவிட்டார் போலிருக்கிறது.
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி எண்ணினேன்
ஒரு முழு நிமிடம்,
பதினாறு மூச்சு.