மூன்றாம் கியர்

ஸ்பேனரையும் துணி சுற்றிப் பிடிக்கும்
ஆகஸ்ட், ஷுவைக்.
உம்மு தலாலின் வண்டி
மூன்றாம் கியரை விட்டு ஏறாது.
கியர்பாக்ஸில் பழுதில்லை;
அதற்கு உத்தரவிடும் பெட்டிக்குத்தான்
புத்தி கலங்கிவிட்டது.
புதிது நானூறு தினார் என்றேன். சிரித்தார்.
ஸ்கிராப்பில் ஒன்று,
அறுபதுக்குக் கழற்றி வந்தேன்.

மாட்டிச் சாவி திருப்பினால்
ஸ்கேனரில் வேறெவனுடைய வண்டி எண்ணோ.
நசுங்கிக் கிடக்கும் அதையே
தன் உடம்பு என்கிறது.
"கஃபீல் ரிலீஸ் கொடுக்கலப்பா"
என்றார் தஸ்தகீர் பாய், எட்டிப் பார்த்து.
எனக்கும்தான், பதினோரு மாதமாக.

பழைய எண்ணை அழித்தேன்.
லேப்டாப் தொண்ணூற்றிரண்டு சதவீதத்தில் நின்று
யோசித்து
எழுதி முடித்தது.

தெருவில் ஓட்டிப் பார்த்தேன்.
இரண்டு. மூன்று. ஒரு சின்ன உதறல்,
நான்கு.

ரவுண்டானாவில் போலீஸ் விளக்கு சுழன்றது.
காலாவதியான பத்தாக்கா சட்டைப்பையில்.
பிரேக்கில் கால் வைத்தேன்;
பெட்டி தானாகவே
மூன்றுக்கு இறங்கியது.