பதினோரு மணிக் கோடு

முழங்கால் தண்ணீர் நின்ற வியாழக்கிழமை
தொண்ணூறடி ரோட்டை நடந்தே கடந்தான் ஆசீர்,
தோல்பை மூட்டையைத் தலையில் வைத்து.
குதிகால் வெடிப்பு பழசு.
அது ஒரு வாசல் என்று எங்களுக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை வலது கெண்டைக்கால் சிவந்தது.
கொசு என்றான்.
மாலையில் தோல் இழுத்துக் கட்டியதுபோல் பளபளத்தது.
தொட்டேன்:
இஸ்திரிப்பெட்டியை அணைத்து
ஐந்து நிமிடம் ஆன சூடு.

மாடிவீட்டு ஞானசுந்தரி அக்கி என்றாள்.
ஊரில் என்றால் குயவர் காவி குழைத்துச்
சிங்கம் எழுதுவார், இறங்கிவிடும்.
இங்கேயும் குயவர்கள் உண்டு, கும்பார்வாடாவில்.
குஜராத்தி பேசுகிறவர்கள்.
சிங்கம் எழுதுவார்களா, தெரியாது.

நான் தையற்காரி. தெரிந்தது அளப்பது.
இடது கெண்டை பதிமூன்றரை.
வலது பதினைந்தே கால்.
மறுபடி அளந்தேன். நாடா மாற்றிச் சொல்லவில்லை.
சிவப்பின் ஓரத்தைச் சாக்குக்கட்டியால் வரைந்தேன்,
வியர்வையில் கரைந்தது.
பில் புத்தகத்துப் பேனாவால் திரும்பவும்,
சுற்றிலும், ரவிக்கைக் கழுத்து வெட்டுகிற கவனத்தோடு.
பக்கத்தில் எழுதினேன்: இரவு 11.

காலையில் பார்ப்போம் என்றான்.
திங்கட்கிழமைக்கு நாற்பது பை.
எனக்கு ஆறு ரவிக்கை, ஹூக் வைக்கவில்லை.
வலி மாத்திரை ஒன்று. கொஞ்சம் மஞ்சள்.
காலுக்கடியில் தலையணை.
படுத்தோம்.

இரண்டரைக்கு அவன் பற்கள்
தந்தியடிக்கும் சத்தத்தில் விழித்தேன்.
ஜூலைப் புழுக்கத்தில் இன்னொரு போர்வை கேட்டான்.
செல்போன் வெளிச்சத்தில்
கோட்டைத் தாண்டி மூன்று விரல் வந்திருந்தது சிவப்பு.
அங்கிருந்து தொடையின் உட்பக்கமாக
மெல்லிசாய் ஒரு தடம்,
லோக்கல் ரயிலின் கதவுக்கு மேலே
ஸ்டேஷன் ஸ்டேஷனாக ஓடுமே, அந்த மாதிரி.
அடுத்த ஸ்டேஷன் எது என்று
நான் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

சயான் ஆஸ்பத்திரிக்கு டாக்சிக்காரர் இருநூறு கேட்டார்.
பேரம் பேசவில்லை. என் வாழ்க்கையில் முதல் தடவை.

சின்னப்பெண் டாக்டர். தூங்காத கண்.
மூச்சு வாங்குகிறதா? நெஞ்சு வலி?
கால் மரத்துப்போகிறதா?
கறுத்த கொப்புளம் ஏதாவது?
இல்லை, இல்லை என்று சொல்லச் சொல்லத்தான்
பயம் வந்தது,
இத்தனைக்கும் வழி இருந்ததா அந்தக் காலில்?
சுகர்?
பார்த்ததே இல்லை.
விரல்நுனியில் குத்தினார்கள்: முந்நூற்றுப் பன்னிரண்டு.

பிறகு என் கோட்டைக் கவனித்தாள். யார் வரைந்தது?
தர்ஜி, என்றேன்.
சிரிக்கவில்லை அவள்.
தன் பேனாவை எடுத்துப் புது ஓரத்தில் வரைந்தாள்.
எழுதினாள்: 3.40.

என்னுடையது நீலம், அவளுடையது கறுப்பு.
நடுவில் மூன்று விரல் அகலம்,
நான் தூங்கிய நேரம்.

ஒன்பது நாள் நரம்பில் மருந்து.
சிவப்பு முதலில் கறுப்புக்குள் திரும்பியது,
பிறகு நீலத்துக்குள்,
பிறகு உரிந்த தோலாய்ப் படுக்கை விரிப்பில்.
நாற்பது பையை யார் முடித்தார்கள் என்று
இன்னும் கேட்கவில்லை ஆசீர்.
குதிகாலுக்கு வாஸலின் தடவுகிறான், தினமும்,
பல் விளக்குவதற்கு முன்னால்.