மோட்டார் சுவிட்ச் கீழே இருக்கிறது

லிங்கராஜபுரத்தில் முப்பதுக்கு நாற்பது மனை.
விற்றால், கடன் போக
ஆளுக்கு ஒரு கார் நிறுத்தும் இடம்கூடத் தேறாது
என்றார் வக்கீல்.
அதனால் மொட்டைமாடியில் கட்டினோம்
அருள்தாஸுக்கு ஒரு வீடு.
பத்துக்குப் பதினாறு.

இன்ஜினியர் நாகபூஷண் வரைபடத்தை விரித்து
யார் குடியிருக்கப் போறாங்க என்றார்.
வாடகைக்கு, என்றேன்.
தெரிஞ்ச பையன் ஒருத்தன், என்றான் அவன்.
இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன.
ரொம்ப நாள் கழித்து
நாங்கள் சேர்ந்து சொன்ன பொய்.

பழைய தூண்கள் தாங்குமா என்று
சுத்தியலால் தட்டித் தட்டிக் கேட்டார் அவர்.
செங்கல் வேண்டாம், கனம்.
எடையில்லாத வெள்ளைக் கல் போதும்,
மேலே தகரம்.
பாரம் ஏற்றாமல் கட்ட முடியும் என்பதே
எனக்குப் புதுச் செய்தி.

யாத்கீரிலிருந்து மேஸ்திரி பீமப்பா,
கலவை சுமக்க அவர் மனைவி.
மத்தியானம் டாங்க் நிழலில்
ஒரே டப்பாவில் சோள ரொட்டி.
பாதிச் சாப்பாட்டில் சண்டை.
அந்த ஊர்க் கன்னடம் எனக்கு எட்டவில்லை.
அவள் எழுந்துபோய் மணல் சலிக்க ஆரம்பித்தாள்.
அவர் கடைசி ரொட்டியைத் தொடாமல்
டப்பாவை மூடி, வெயில் படாத பக்கம் நகர்த்தி வைத்தார்.
டீ கொண்டு போனவள்
தம்ளர்களைப் படியிலேயே வைத்துவிட்டு இறங்கிவிட்டேன்.

வாசல் எங்கே என்பதில் ஒரு வாரம் போயிற்று.
உள்படியை அடைத்துவிடலாம் என்றேன்.
வெளியே இரும்புப் படி, பதினெட்டு.
வெல்டிங் பொறி விழுந்து
காம்பவுண்டு ஓரக் கறிவேப்பிலை ஒரு பக்கம் கருகியது.
பெஸ்காம் ஆள் வந்து இரண்டாவது மீட்டரை மாட்டினார்.
கோர்ட்டில் கையெழுத்துப் போட்டபோது வராத ஏதோ ஒன்று
அந்தப் பூஜ்யங்களைப் பார்த்தபோது வந்தது.

பிளம்பர் ஷபீர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.
கழிவுக்குத் தனி லைன்னா ரோட்டை வெட்டணும் மேடம்,
பர்மிஷன், ஃபைன், ஆறு மாசம் அலைச்சல்.
உங்க சேம்பர்லயே சேத்துடறேன்,
கீழ போனா எல்லாம் ஒண்ணுதானே.
சேர்த்துவிட்டார்.

ரியாவிடம் இரண்டு சாவியும் இருக்கின்றன.
கெமிஸ்ட்ரி மேலே, சாப்பாடு கீழே,
ஷூ எப்போதும் பத்தாவது படியில்.

இப்போது என் கூரை அவன் தரை.
நாற்காலி இழுபடுகிறது.
மூடி ஒன்று விழுந்து, உருண்டு, வெகுநேரம் கழித்து ஓய்கிறது.
இரவு ஒன்றரைக்கு நடக்கிறான்,
ஜன்னல் வரை ஆறு எட்டு, திரும்பி ஆறு.
பக்கத்தில் படுத்திருந்த காலத்தில்
இவ்வளவு விழித்திருப்பான் என்று தெரியாது.

ஒருநாள் விட்டு ஒருநாள் காவேரித் தண்ணீர்.
சம்ப் நிறைந்ததும் மோட்டார் போட வேண்டும்.
சுவிட்ச் என் சமையலறைக் கதவுக்குப் பின்னால்.
டாங்க் அவன் ஜன்னலுக்கு வெளியே.
மோட்டார், என்று அனுப்புகிறேன்.
ஃபுல், என்று வருகிறது.
தானாக நிற்கும் கருவி இருக்கிறதாம்,
ஆயிரத்து எண்ணூறு ரூபாய்.
ஷபீரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்,
இரண்டு மாதமாக.

போன வியாழக்கிழமை பதில் வரவில்லை.
சுவரோரம் தண்ணீர் கொட்டும் சத்தம்.
சுவிட்சுக்குப் போகாமல் படியேறினேன், ஏனோ.
பன்னிரண்டாவது படியில் கால் வைக்கும்போது
முகமெல்லாம் சோப்போடு கதவைத் திறந்து
நிறுத்து நிறுத்து என்று கத்தினான்
பழைய குரலில்.
இறங்கி ஓடி நிறுத்தினேன்.

கீழ்க் கொடியில் காய்ந்திருந்த யூனிஃபார்ம்
மறுபடி நனைந்திருந்தது.
ரியா அதைப் பிழிந்து உதறிக்கொண்டு
மேலே போனாள்,
தகரம் சூடாயிருக்கும் என்று.