வேலியில் தொங்கிய பாளை

அண்ணாந்து பார்க்கிற பனை இல்லை இது.
துரியில், மெராபி மலைச் சரிவில்,
சலாக்குக்குக் குனிய வேண்டும்,
முழங்காலிட்டால் இன்னும் நல்லது.
மண்ணிலிருந்தே மட்டை கிளம்பும்,
மட்டை நெடுக முள்,
அடியில், இருட்டில், தரையோடு ஒட்டிக் குலை.
பாம்பு கழற்றிப் போட்ட சட்டையை
யாரோ பொறுக்கி உருட்டி வைத்ததுபோல் பழம்.

விதை போட்டு வளர்த்தவள் நான். அதுதான் தப்பு.
பக்கக் கன்று பிரித்து நட்டிருந்தால்
தாய் எதுவோ பிள்ளையும் அதுவே.
விதை வாய் திறக்காது.
ஆணா பெண்ணா என்று
நாலு வருஷம் எரு வைத்துக் காத்திருந்தேன்.
அறுபதில் முப்பத்திநாலு ஆண்.
"வெட்டு" என்றார் துக்கிமான்.
காய்க்காது, உரம் மட்டும் தின்னும் என்றார்.
தன்னையும் சேர்த்தா சொல்கிறார் என்று
நான் கேட்கவில்லை.
வெட்டினோம்.
வாய்க்கால் ஓரம் நாலை மட்டும் விட்டுவைத்தோம்.

அந்த வருஷம்தான் மலை இருமியது.
மூன்று நாள் பகலே வரவில்லை.
சாம்பல் ஏறிய மட்டைகள்
ஒவ்வொன்றாய் முறியும் சத்தத்தை
வீட்டுக்குள் இருந்து எண்ணினோம்.
பிறகு மழை. மழையோடு சேறு.
வாய்க்கால் கரை உடைந்து
நாலு ஆணும் ஒரே இரவில் போயின.

பெண் மரங்கள் பிழைத்தன.
இரண்டு வருஷம் கழித்து
அடியில் பாளை சிவந்தது.
சிவந்து விரிந்தால் மூன்று நாள்தான்,
நாலாம் நாள் கறுத்துவிடும்.
வண்டுகளை நம்பலாம்.
நம்பினால் பாதிக் கூடை.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மர்சூதியின் தோட்டம்.
மேட்டு நிலம், அவர் ஆண் மரங்கள் அப்படியே நிற்கின்றன.
அவர் முறைநாளில் நான் மடை திறந்தேன் என்பார்.
என் முறைநாளில் அவர் அடைத்தார் என்பேன்.
ஆறு வருஷமாய் இரண்டு பேரும்
இதைத் தண்ணீரிடம்தான் சொல்லிக்கொண்டிருந்தோம்.
துக்கிமான் லாரியோடு செமராங் போயிருந்தார்.
கேட்கச் சொல்ல ஆளில்லை.
முதல் நாள் போனது.
இரண்டாம் நாளும்.

மூன்றாம் நாள் விடியலில்
மூங்கில் வேலியில் ஒரு சேம்பிலைப் பொட்டலம்.
உள்ளே ஆண் பாளை,
தொட்டால் விரலில் ஒட்டும் மஞ்சள் பொடி.
காம்பின் வெட்டைப் பார்த்தேன்.
இடமிருந்து சாய்ந்த வெட்டு.
இந்தச் சரிவில் இடக்கைக்காரர் ஒருவர்தான்.

வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டும்.
ஒவ்வொரு பெண் பாளை மேலும் கவிழ்த்து
இரண்டு தட்டு,
குழந்தைக்குப் பவுடர் போடுகிற அளவு.
மேலே, பாதியாய் அறுத்த தண்ணீர் பாட்டில், மழைக்கு.
கட்டைவிரலில் இரண்டு முள் ஏறியது.
அன்று அதைப் பிடுங்க நேரமில்லை.

நன்றி சொல்லவில்லை.
எந்த வார்த்தையில் தொடங்குவது
என்பதே ஒரு மாதம் ஓடிவிட்டது,
அப்புறம் வெட்கமாகிவிட்டது.

ஆறாம் மாசம்,
சந்தையில் ஙாதினா ஒரு பழத்தைக் கையில் எடைபார்த்தாள்.
"பருமனாய்த்தான் இருக்கிறது. ஆண் யாருடையது?"
"வேலியுடையது" என்றேன்.
அவள் சிரிக்காமல் எடைக்கல் எடுத்தாள்.

மிஞ்சியதில் ஒன்றை வாய்க்கால் கரையில் நின்று உரித்தேன்.
மூன்று சுளை. எப்போதும் ஒன்று குட்டி.
குட்டியைத்தான் முதலில் தின்பேன்,
நறுக்கென்று கடிபடும், பிறகு இனிக்கும்.
கொட்டையைத் துப்பினேன்.
அந்தப் பக்கம் போய் விழுந்தது.
குறிபார்த்தேனா என்று கேட்காதீர்கள்.
ஆணா பெண்ணா,
நாலு வருஷம் போகட்டும்.