இரண்டு கம்பிகள்

நான் ஓட்டுவது கம்பியைப் பிடித்து ஓடும் பேருந்து.
வால்பரைசோவில் துறைமுகத்திலிருந்து சந்தைவரை,
சந்தையிலிருந்து துறைமுகம்வரை.
கம்பி போகும் வழிதான் என் வழி.

மகள் மைத்தேவுக்கு வேண்டியது வேறு கம்பி.
மேல்வரிசையில் இரண்டு பற்கள்
நெரிசல் நேரத்துப் பயணிகள் மாதிரி
ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன.
சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்கிறாள்.
பல் டாக்டர் தொகையை ஒரு தாளில் எழுதி,
கவிழ்த்து, என் பக்கம் தள்ளினார்,
ஏதோ தோற்கிற சீட்டு போல.

அன்றிரவு பழைய டிக்கெட்டுகளின் பின்புறத்தில் கணக்குப் போட்டேன்.
காலையில் காபியும் ரொட்டியும், கடையில்.
மதியம் நெல்தாவின் வண்டியில் எம்பனாதா இரண்டு:
மாவுக்குள் வெங்காயமும் கறியும்,
கடித்தால் ஆவி நாக்கைச் சுடும்.
இரவு, களைப்புக்கு, பொரித்த உருளைக்கிழங்கு ஒரு பொட்டலம்.
கூட்டினேன். நம்பாமல் மறுபடி கூட்டினேன்.
இரண்டாம் தடவை இன்னும் கூடுதலாக வந்தது.
மாதம் ஒரு பல்லை
நானே தின்றுகொண்டிருந்தேன்.

ஹாசிந்தாவும் நானும் பிரிந்தபோது
பாத்திரங்களைப் பாதிப் பாதி பிரித்தோம்.
பானை எனக்கு வந்தது.
மூடி அவளோடு போய்விட்டது.
தட்டைக் கவிழ்த்து மூடித்தான்
நாற்பத்தாறு வயதில் பருப்பு வேகவைக்கக் கற்றேன்.
முதல் நாள் அடிப்பிடித்தது.
அடுத்த நாள் பயந்து இறக்கியதில் வேகவில்லை.
பிறகொரு நாள் உப்பை இரண்டு தடவை போட்டேன்,
ஒரு தடவை எனக்காக, ஒரு தடவை மறதிக்காக.
மைத்தே ஸ்பூனை வைத்துவிட்டு
"பரவாயில்லை" என்றாள்.
அவளுடைய பரவாயில்லைக்கு மூன்று அர்த்தங்கள்.
இது மூன்றாவது.

புத்தாண்டு பிறக்கும் நொடியில்
ஒரு கரண்டி பருப்பு தின்றால்
ஆண்டு முழுக்கப் பணம் சேரும் என்பார்கள் இங்கே.
நான் மார்ச்சிலிருந்து தினமும் தின்கிறேன்.
சேரத்தான் செய்கிறது.
மந்திரம் ஒன்றுமில்லை, வெறும் கழித்தல்.

ஆனால் கழித்தது எங்கிருந்து?
காபி டப்பாவில் விழுகிற ஒவ்வொரு நாணயமும்
நெல்தாவின் பெட்டியில் விழாத நாணயம்.
பதினொரு வருடம்
என் பேரைச் சொல்லிக் காகிதத்தில் சுற்றித் தந்தவள்.
கடைசி நிறுத்தத்தில் அவள் வண்டியைச் சுற்றி வளைத்து நடந்தேன்.
வயிறு சரியில்லை என்று ஒரு வாரம் சொன்னேன்.
அடுத்த வாரமும் அதே வயிறு.

ஜூலையில் ஒரு மழை நாள்.
ஆளில்லாத பேருந்தில் டிபன் டப்பாவைத் திறந்த நேரம்
கண்ணாடியைத் தட்டினாள்.
டப்பாவைச் சீட்டுக்கடியில் தள்ளினேன்.
சீரக வாசனையை எங்கே தள்ளுவது?
நனைந்த தலையோடு ஏறி
முதல் சீட்டில் உட்கார்ந்தாள்.
பையிலிருந்து தன் டப்பாவை எடுத்தாள்:
பூசணி போட்ட பீன்ஸ், நடுவே கொஞ்சம் நூடுல்ஸ்.

"உன் எம்பனாதா?"
"அதைத் தின்றால் எனக்குக் கட்டுமா, எவரிஸ்தோ?
முதல் நாளிலிருந்தே இதுதான்."

சீட்டுக்கடியில் கைவிட்டு என் டப்பாவை எடுத்தேன்.
ஒரு வாய் எடுத்துப் பார்த்தாள்.
"சீரகம் ஜாஸ்தி" என்றாள்.
மேலே கம்பியில் மழைநீர்
சொட்டாமல் தொங்கி, பிறகு சொட்டியது.
வியாபாரம் எப்படி என்று நான் கேட்கவில்லை.
அவளும் சொல்லவில்லை.

செப்டம்பரில் கம்பி மாட்டினார்கள்.
அன்று மைத்தேவால் எதையும் கடிக்க முடியவில்லை.
பருப்பை மசித்துக் கொடுத்தேன்.
வாயை மூடாமல் சிரிக்கப் பார்த்தாள், வலித்தது,
மூடிக்கொண்டாள்.

இன்னும் பதினேழு தவணை இருக்கிறது.
சம்பள நாளில் மட்டும் ஒரே ஒரு எம்பனாதா வாங்குகிறேன்,
பேரம் பேசாமல்.
போன தடவை நெல்தா காகிதத்தோடு
ஒரு மூடியும் கொடுத்தாள், வீட்டில் சும்மா கிடந்ததாம்.
என் பானைக்கு அது சின்னது.
ஒவ்வொரு தடவையும் உள்ளே நழுவி
பருப்பின்மேல் உட்கார்ந்துகொள்கிறது.